மாடி ஏறிய புள்ளிகள்

பெங்களூரில் முதல் நாள் காலையில் நான் ஒரு மாடியைத் தேடி அலைந்தேன். அப்படி ஒரு மாடி அந்தக் கட்டடத்தில் மட்டுமல்ல, உலகத்திலேயே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது.

கன்னடத்துக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். யாராவது ‘பன்னி’ என்று கூப்பிட்டால் கோபப்படக் கூடாது, ‘வாங்க’ என்றுதான் அர்த்தம் என்று எங்கள் கோவில்பட்டிக் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆராய்ச்சி நிலையத்து வாசலில் காவலாளி வாய் நிறைய “பன்னி மேடம், பன்னி” என்றார். நானும் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். அடுத்து அவர் படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டி “ரிஜிஸ்டர் மாடி” என்றார். இதைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் ஒருத்தரும் சொல்லவில்லை. பதிவு செய்கிற இடம் மாடியில் இருக்கிறது போல என்று விறுவிறுவென்று ஏறிவிட்டேன்.

முதல் மாடியில் பூட்டிய கதவுகள். இரண்டாவது மாடியில் தாடி வைத்த ஒருவர் டீ கிளாஸோடு நின்றிருந்தார். “ரிஜிஸ்டர் மாடி எதுங்க?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் காவலாளி மூச்சு வாங்க ஓடிவந்து, “மேடம், சைன் மாடி! சைன் மாடி!” என்றார்.

“அது எத்தனாவது மாடி?” என்றேன் எரிச்சலாக.

தாடிக்காரர் சிரித்த சிரிப்பில் டீ பாதி சட்டையில். “அரே மேடம், அது மாடி இல்ல, மாடி! மாடின்னா பண்ணுங்கன்னு அர்த்தம். படிக்கட்டுக்குக் கீழ டேபிள் இருக்கு பாருங்க, அங்க நோட்டுல கையெழுத்துப் போடச் சொல்றாரு.”

இவர்தான் இம்தியாஸ். அந்த நிலையத்தில் ஆராய்ச்சி மாணவர். மர்பி டவுனில் வளர்ந்தவர். வீட்டில் தக்னி உருது, தெருவில் தமிழ், மற்ற இடமெல்லாம் கன்னடம். மத்தியானத்துக்குள் அந்தக் கட்டடம் முழுக்க எனக்கு ‘மாடி மேடம்’ என்று பெயர் விழுந்துவிட்டது. செல்வி என்று பெற்றவர்கள் வைத்த பெயர் வாசல் நோட்டில் மட்டும்தான் இருந்தது.

நான் போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போது இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். அந்த நிலையத்தில் கணினிக்குக் கையெழுத்தைப் படிக்கப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். கிறுக்கலாக எழுதினால் ஒன்று எது, ஏழு எது என்று மனுஷனுக்கே தெரியாது. கணினியின் பாடு கேட்கவே வேண்டாம். அவர்கள் செய்திருந்த ஏற்பாட்டில் திருகுவதற்கு இரண்டு குமிழ்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குமிழ்களை எப்படி வைத்தால் நன்றாகப் படிக்கும் என்பதற்கு ஒரே ஒரு பதிலைக் கண்டுபிடித்து நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். அங்கே தலைவராக இருந்த வசுந்தரா மேடத்துக்கு அது போதாது. எந்தெந்த நிலையை எவ்வளவு நம்பலாம் என்று முழுப் படமும் வேண்டும். அந்தப் படத்துக்கு நிகழ்தகவுப் பரவல் என்று பெயர்.

அந்தப் படத்தை வரைய என்னிடம் ஒரு வழி இருந்தது. சில நூறு புள்ளிகளைத் திரையில் தூவ வேண்டும். நம்பத்தகுந்த இடம் பள்ளம், மற்றது மேடு என்று தரையை வகுத்தால் புள்ளிகள் சரிவில் இறங்கும். ஆனால் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு இறங்கினால் எல்லாம் பள்ளத்தின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படியில்லாமல் கூட்டம் முழுவதும் ஒரே உடம்பாக இறங்க வேண்டும். பள்ளம் இழுக்க வேண்டும், நெரிசல் வெளியே தள்ள வேண்டும். இரண்டும் சமமாகிற இடத்தில் கூட்டம் எப்படி நிற்கிறதோ, அந்த வடிவம்தான் நமக்கு வேண்டிய படம். மலையிலிருந்து ஒரு உருண்டை உருளுவது எல்லோருக்கும் தெரியும். ஒரு பரவலே உருண்டை மாதிரி, பரவல்களால் ஆன ஒரு பெருவெளியில் சரிவு பார்த்து இறங்குகிறது என்பதைக் கணிதக்காரர்கள் அப்போதுதான் எழுதிக்காட்டியிருந்தார்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

நான் எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டு வசுந்தரா மேடம் போனில் பேசியது நேரடியாக இருந்தது. “நான்கு நாள் வாருங்கள். எங்கள் கணக்கில் உங்கள் முறை வேலை செய்தால் இரண்டு வருடம் இங்கேயே ஆராய்ச்சி செய்யலாம். செய்யாவிட்டால் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள்.” படிப்பு விடுப்புக்கு எங்கள் கல்லூரியில் வயது வரம்பு உண்டு. எனக்கு அந்த வருடத்தோடு அது முடிகிறது. இந்த முறை இல்லையென்றால் ஓய்வு பெறுகிற வரை முதலாமாண்டுக்கு வகைநுண்கணிதம்தான்.

தங்கியது விவேக் நகரில், ரோஸி அக்கா வீட்டில். என் விடுதித் தோழியின் அக்கா, பள்ளிக்கூட டீச்சர். செவ்வாய்க்கிழமை காலையில், “ஊட்டா ஆகாம எங்க கிளம்புற? சும்னே கேண்டீன்ல காச கொட்டாத, இட்லி துன்ட்டு போ” என்று அதட்டினாள்; ஊட்டா என்றால் சாப்பாடு, சும்னே என்றால் சும்மா. இட்லி நன்றாக இருந்தது. சாம்பாரை வாயில் வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெல்லம்! எங்கள் ஊரில் சாம்பார் இனித்தால் சமைத்தவருக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரிப்போம். இங்கே இன்னொரு கரண்டி கேட்டு வாங்குகிறார்கள். மூன்றாவது இட்லியில் நானும் கேட்டேன்.

அன்றைக்கு ஆட்டோவில் போகலாமென்று ஏறி, “இன்ஸ்டிட்யூட்” என்றேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “இந்த ஊர்ல தட்டி வுழுந்தா இன்ஸ்டிட்யூட்மா. எது? கம்ப்யூட்டரா, தையலா, டான்ஸா?” என்றார். கம்ப்யூட்டர் என்றேன். கொண்டுபோய்க் கூரை முழுக்க விளம்பரப் பலகை மாட்டிய ஒரு கம்ப்யூட்டர் டைப்பிங் சென்டரில் விட்டார். உள்ளே இருந்த பெண் என்னை விடமாட்டேன் என்கிறாள். ஆறு மாதத்தில் வேலை நிச்சயமாம். நானும் நான்கே நாளில் ஒரு வேலையைப் பிடிக்கத்தான் வந்திருந்தேன் என்பதால் அவளைக் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை.

ஒருவழியாக நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால் இம்தியாஸ் எதிரே இருந்த ஓட்டலுக்கு அழைத்துப்போனார். பலகையில் ‘சௌ சௌ பாத்’ என்று இருந்தது. காலங்கார்த்தாலே சௌசௌவையா சோற்றில் போட்டுக் கிளறுகிறார்கள் என்று பயந்துகொண்டே ஒன்று கொண்டுவரச் சொன்னேன். வந்தது ஒரு தட்டில் ஒரு உருண்டை உப்புமா, ஒரு உருண்டை கேசரி. சௌசௌ மருந்துக்குக் கூட இல்லை. கேசரியில் நெய் மிதந்தது. அதன் பிறகு பெயரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

காபிக்கு அவர், “பை டூ” என்றார். ஒரு காபியை இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். “எங்க ஊர்ல இப்படி வாங்கிக் கொடுத்தா சொந்தம் விட்டுப் போயிரும்” என்றேன்.

“இங்க இதுல தான் மேடம் சொந்தமே ஸ்டார்ட் ஆகும்.”

எனக்கு அந்த டம்ளர்கள் மிகவும் பிடித்துப்போயின. அவர் டம்ளரிலிருந்து கொஞ்சம் என் டம்ளருக்கு மாற்றினேன், திரும்ப ஊற்றினேன். “பாத்தீகளா, எப்படி ஊத்துனாலும் மொத்தம் ஒரு காபி. கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. நிகழ்தகவும் இதேதான். மொத்தம் ஒண்ணு. ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு ஓடத்தான் முடியும், காணாமப் போக முடியாது. எவ்வளவு காபிய, எவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போறோமோ அதுக்குத் தக்க செலவு. ரொம்பச் செலவில்லாம, சீக்கிரமா இறங்குற வழிதான் நம்ம ஓட்டம்.”

“சூப்பர் மேடம். ஆனா இப்ப என் காபி எது, உங்க காபி எது?” என்றார் இம்தியாஸ்.

அந்த உற்சாகத்தோடு மேலே போய் ஃபிளாப்பியைச் செருகினேன். கோவில்பட்டியில், கல்லூரிக் கணினியில், ஒரே ஒரு குமிழ் வைத்த கணக்கில் என் நிரல் பிரமாதமாக ஓடியிருந்தது. இவர்கள் கணக்கில் இரண்டு குமிழ், இரண்டு பள்ளம். இடது பள்ளம் பெரியது, வலது பள்ளம் சிறியது, நடுவில் ஒரு மேடு. புள்ளிகளை இடது ஓரத்தில் தூவினேன்; ஓட்டம் தொடங்கியது. புள்ளிகள் எல்லாம் இடது பள்ளத்தில் விழுந்து அடியில் ஒரு மிளகு அளவுக்குச் சுருண்டுவிட்டன. வலது பள்ளத்தில் ஈ, காக்கை இல்லை.

நெரிசல் தள்ள வேண்டுமே, ஏன் தள்ளவில்லை? எழுதிய வரிகள் சரி. குறிகள் சரி. புதன்கிழமை முழுக்க அதையே பார்த்தேன். திரும்பத் திரும்ப மிளகு. சாயங்காலம் வசுந்தரா மேடம் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். குட்டை முடி, பருத்திப் புடவை, காலில் ஓட்டத்துக்குப் போடுகிற ஷூ. கன்னடக்காரர், என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். “அழகாக இருக்கிறது. ஆனால் இது படமில்லை, புள்ளி. நாளை மத்தியானம் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது.

இம்தியாஸ் மெதுவாகச் சொன்னார். “மேடம், கோச்சுக்காதீங்க. எல்லாரும் பண்றத பண்ணுங்க. ஒவ்வொரு புள்ளியையும் ஒவ்வொரு தடவையும் கண்ண மூடிட்டு இப்படி அப்படி ஒரு குலுக்கு. தானா பரவிடும்.”

அது எனக்குத் தெரியாதா? பகடை உருட்டி உருட்டிப் புள்ளிகளைக் குலுக்குவது நல்ல முறைதான், பழைய முறைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரி ஆடும், எப்போது போதும் என்று சொல்ல முடியாது. “குலுக்காம செய்யத்தான நான் இவ்வளவு தூரம் வந்தேன்! குலுக்குறதுக்கு நான் எதுக்கு? இந்த ஊர் ரோட்டுல ஆட்டோல ஏத்தி விட்டா போதுமே!” என்று கத்திவிட்டேன். அவர் எழுந்து போய் ஒரு காபி, பை டூ, வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். நான் குடித்தேன்.

வீட்டுக்குப் போனதும் ரோஸி அக்கா முகத்தைப் பார்த்தே, “இன்னா ஆச்சு?” என்றாள்.

“என் புள்ளிங்க எல்லாம் ஒரே குழியில போயி விழுதுக்கா” என்றேன். அழுகை வந்துவிட்டது.

அக்கா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. “ஐயோ மாதாவே! எந்த ஸ்கூல் புள்ளைங்கடி? ரோட்டுல தோண்டி வெச்சிருக்கானுங்களே, அந்தக் குழியா?”

புள்ளைங்க இல்லை, புள்ளிங்க என்று புரியவைக்க வெகு நேரம் ஆனது. அழுதுகொண்டே சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். “சரி வுடு. நாளைக்கு வியாழக்கிழமை. குழந்தை இயேசு கோயில்ல உன் புள்ளிங்களுக்கும் சேத்தே வேண்டிக்கிறேன்” என்றாள்.

விவேக் நகரில் வியாழக்கிழமை என்றால் தெரு தெருவாக இல்லை. மெழுகுவர்த்தி, மாலை, கைக்குழந்தை, பால் டப்பா என்று கோயிலுக்கு வருகிற கூட்டமும் வந்துவிட்டுப் போகிற கூட்டமும். எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை; பாதிப் பேர் நெற்றியில் குங்குமம். ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. பஸ்ஸில் ஏறினேன். இங்கே பெண்களுக்கு முன்பக்கம். ஓட்டுநர் பக்கத்தில் நீளமாக ஒரு பெஞ்சு, அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் கம்பியோரம் ஒரு இடம் கிடைத்தது. நான் உட்கார்ந்து, மிளகை நினைத்துக்கொண்டு, கம்பியில் தலையைச் சாய்த்தேன்.

அடுத்த நிறுத்தத்தில் மாலையும் கையுமாக ஒரு அம்மாள் ஏறினார். பெஞ்சின் மறு கோடியில் நின்று, யாரையும் பார்க்காமல், பொதுவாகச் சொன்னார்: “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.”

கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான். எங்கள் ஊர் பஸ்ஸில் ஓரத்தில் இருப்பவரிடம் மட்டும் “தள்ளி உக்காருங்க” என்போம். அவர் முறைப்பார். முழங்கையால் ஒரு இடி இடித்த பிறகு அரை அங்குலம் கொடுப்பார்; அவருக்கு அடுத்தவர் ஜன்னலில் வேடிக்கை பார்ப்பார். இங்கே அந்தச் சொல் விழுந்ததும் பெஞ்சில் அத்தனை பேரும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்தார்கள். அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் “முந்தே ஹோகி, முந்தே ஹோகி” என்று எல்லோரையும் முன்னே போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். நான் தலையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். நானும் நகர்ந்திருந்தேன்.

என்னை யாரும் இடிக்கவில்லை. தொடக்கூட இல்லை. பெஞ்சின் அந்தக் கோடியில் விழுந்த சொல், இந்தக் கோடியில் என்னை நகர்த்தியிருக்கிறது.

“ஐயய்யோ, தூரம்!” என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். பக்கத்துப் பெண், “எங்க போணும்?” என்று பதறினாள். என் புள்ளிகள் கோவில்பட்டிப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தன! பக்கத்தில் வந்து முழங்கையால் இடித்தால்தான் நெரிசல் என்று நான் வைத்திருந்தேன். இடிபடும் தூரத்தைச் சின்னதாக ஒரே அளவில் கட்டிவைத்திருந்தேன். ஒரே குமிழ் என்றால் புள்ளிகள் ஒரு கோட்டில் நெருக்கமாக நிற்கும், அந்தத் தூரம் போதும். இரண்டு குமிழ் என்றால் அகலமான மைதானம். ஒருவர் சொல் ஒருவருக்கு எட்டவில்லை. எட்டாதபோது அவர் பாட்டுக்குப் பள்ளத்துக்குப் போகத்தானே செய்வார்? சொல் எட்டும் தூரத்தைக் கூட்டமே சொல்ல வேண்டும். விலகி நின்றால் தூரம் பெரிதாக வேண்டும், நெருங்க நெருங்கச் சிறிதாக வேண்டும். இவ்வளவுதான். இவ்வளவேதான்!

பஸ் நிற்பதற்குள் இறங்கிவிட்டேன். அது என் நிறுத்தமே இல்லை. கன்னடம், தமிழ், இந்தி எல்லாவற்றிலும் வழி கேட்டு வெயிலில் ஓடினேன். செருப்பு ஒன்று வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குள் நுழைந்தபோது காவலாளி எழுந்து, “சைன்...” என்று ஆரம்பித்தார். “மாடி, மாடி, வந்து மாடுறேன்!” என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.

பஸ்ஸில் நடந்ததை இம்தியாஸிடம் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தேன். மாற்ற வேண்டியது நாலைந்து வரிகள். ஒவ்வொரு அடிக்கும் புள்ளிகளுக்கு இடையிலான தூரங்களை எல்லாம் எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எட்டும் தூரமாக வைத்தேன். இம்தியாஸ் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, நான் எழுத எழுதத் தப்பைத் திருத்திக்கொண்டே வந்தார். “நேத்து கத்துனதுக்கு...” என்றேன். “அரே சோடோ, விடுங்க மேடம், கமா விட்டுட்டீங்க பாருங்க” என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வசுந்தரா மேடம் வந்தார். மற்ற ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். ஓட்டத்தைத் தொடங்கினேன்.

எல்லாப் புள்ளிகளும் வழக்கம்போல் இடது பள்ளத்துக்குள் இறங்கின. ஆனால் இந்தத் தடவை அடியில் ஒட்டவில்லை. உப்பின. பள்ளம் முழுக்கப் பரவி நின்றன. பிறகு நெரிசல் தாங்காமல் ஓரத்தில் இருந்த ஒரு புள்ளி மேட்டில் கால் வைத்தது. சரிவுக்கு எதிராக, மேலே! அதன் பின்னால் இரண்டு, அதன் பின்னால் ஒரு கூட்டம்.

“மாடி ஏறுது மேடம்! உங்கள மாதிரியே அட்ஜஸ்ட் மாடின்னதும் மாடி ஏறுது!” என்று இம்தியாஸ் எம்பிக் குதித்தார்.

முதல் புள்ளி மேட்டின் உச்சியில் கொஞ்சம் தயங்கி, அந்தப் பக்கம் உருண்டது. நான் கைதட்டிவிட்டேன். ஒவ்வொன்றாக வலது பள்ளம் நிறைந்தது. கடைசியில் எல்லாம் அசைவில்லாமல் நின்றன. வசுந்தரா மேடம் தன் அறைக்குப் போய் ஒரு தாளை எடுத்துவந்தார். அவர்கள் பழைய முறையில், பகடை குலுக்கி, மாதக்கணக்கில் கணினியை ஓட்டி எடுத்த படம் அது. திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். இடதிலும் அதே அளவு, வலதிலும் அதே அளவு.

“குலுக்கவே இல்லையா?” என்றார் மேடம்.

“ஒரு தடவை கூட இல்லை.”

அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். “இரண்டு வருடம் என்று சொன்னேன், கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரு சிக்கல். இந்தக் கட்டடத்தில் காலி அறையே கிடையாது.”

“மாடியிலே கூடவா?” என்றேன், ஆங்கிலத்தை மறந்து தமிழில். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. மேடம் அன்றுதான் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு அறையின் நீளமான மேசையைப் பார்த்தார். மூன்று கணினிகள், மூன்று நாற்காலிகள், அடுத்தவர் வந்தால் கை நுழைய இடமில்லை. மேடம் யாரையும் பார்க்காமல், பொதுவாகச் சொன்னார்:

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.”

மூன்று பேரும் கணினியோடும் நாற்காலியோடும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்தார்கள். அந்தக் கோடியில், சுவரோரமாக, ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு மேசை காலியானது. நான் அறுந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.